வலப்பக்கம் மட்டும் மின்னாத எம்ஜிபி: ஓர் இன்டிகேட்டர் லீவரின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1974ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர். இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை, கூரை வைத்த ஜிடி வகையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 1,798 சிசி எஞ்சின், இரண்டு இருக்கை, மடக்கக்கூடிய துணிக்கூரை. கறுப்பு ரப்பர் பம்பர் வருவதற்குச் சற்று முன்பு வெளிவந்த, குரோம் பம்பர் பூட்டிய கடைசி வண்டிகளில் இது ஒன்று. உரிமையாளர் ஓய்வுபெற்றவர். கோடையில் வார இறுதிகளில் மட்டுமே ஓட்டுகிறார்.

அவர் சொன்ன குறை மூன்று பகுதிகளாக இருந்தது. இடப்பக்க இன்டிகேட்டரில் எந்தச் சிக்கலும் இல்லை. வலப்பக்கம் லீவரைத் தள்ளினால் விளக்கு எரிகிறது, ஆனால் சில வேளைகளில் மின்னாமல் அப்படியே நின்றுவிடுகிறது. லீவரை லேசாக மேலே தூக்கிப் பிடித்தால் மின்னத் தொடங்குகிறது. மூன்றாவதாக, வலப்பக்கம் திரும்பி முடித்த பிறகு லீவர் தானாக நடுநிலைக்குத் திரும்புவதில்லை. கூடுதலாக ஒரு தகவலையும் சொன்னார், அதுதான் மிகவும் பயன்பட்டது: சாலையில் வேகமாகப் போகும்போது வலப்பக்கமும் ஒழுங்காக மின்னுகிறது, சந்திப்பில் ஹெட்லைட்டுடன் நின்றிருக்கும்போதுதான் நின்றுவிடுகிறது. பிரிட்டனில் இடப்புறமாக ஓட்டுகிறார்கள். வலப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் எதிரே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டுச் சாலை நடுவில் காத்திருக்க வேண்டும். எந்த இடத்தில் இன்டிகேட்டர் கட்டாயம் தேவையோ அந்த இடத்தில்தான் அது கைவிடுகிறது.

இந்த வகைப் புகார் வந்தால் வழக்கமாக நடப்பது என்ன என்பது தெரிந்ததே. முதலில் ஃபிளாஷரை, அதாவது விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் சிறு கருவியை, மாற்றுவார்கள். சரியாகவில்லை என்றால் லீவரோடு கூடிய சுவிட்ச் முழுவதையும் மாற்றுவார்கள். உரிமையாளரும் அந்தப் பாதையில் பாதி தூரம் வந்திருந்தார். சந்தையில் கிடைக்கும் மறுதயாரிப்பு சுவிட்ச் ஒன்று பெட்டி பிரிக்கப்படாமல் பக்கத்து இருக்கையில் இருந்தது. அதை உடனே பூட்டிக் கொடுத்திருந்தால் வேலை விரைவில் முடிந்திருக்கும். பழைய சுவிட்ச் ஏன் கெட்டது என்பது மட்டும் தெரியாமலே போயிருக்கும். அந்தக் காரணம் வண்டியில் இன்னும் இருந்தால் புதிய சுவிட்சையும் அதுவே தின்றுவிடும்.

இந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்களின் மின்சாதனங்கள் பெரும்பாலும் லூகாஸ் நிறுவனத்தினுடையவை. ‘இருளின் இளவரசர்’ என்று அந்த நிறுவனத்தைக் கேலி செய்வது பழைய கார் வட்டாரங்களில் ஒரு சடங்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது ஆண்டுகள் மழையிலும் உப்புத் தூவிய சாலையிலும் ஓடிய ஒரு திறந்த காரில் பித்தளை முனைகள் கறுக்கத்தான் செய்யும். நான் பார்த்தவரை இந்தக் கார்களின் மின்கோளாறுகளில் பாதிக்கு எர்த் இணைப்பின் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) துருவும், மீதியில் பெரும்பகுதிக்கு இடையில் புகுந்து கை வைத்தவர்களும் காரணம்.

சுவிட்சைத் தொடுவதற்கு முன்

எம்ஜிபியின் இன்டிகேட்டர் சுற்று எளிமையானது. சாவியைத் திருப்பினால் வெள்ளைக் கம்பியில் மின்சாரம் வருகிறது. அது ஃபியூஸைக் கடந்ததும் பச்சைக் கம்பியாகிறது. பெட்ரோல் அளவுமானி, பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு எல்லாமே அந்தப் பச்சைக் கம்பியிலிருந்துதான் உயிர் பெறுகின்றன. இன்டிகேட்டருக்கான பச்சை நேரே ஃபிளாஷருக்குப் போவதில்லை. நான்கு விளக்குகளையும் ஒன்றாக மின்னவைக்கும் ஹசார்ட் (ஆபத்து எச்சரிக்கை) சுவிட்சுக்குள் நுழைந்து, அது அணைந்த நிலையில் இருக்கும்போது மட்டும் ஃபிளாஷருக்குப் போகிறது. ஃபிளாஷரிலிருந்து பழுப்புக் கோடு போட்ட இளம்பச்சைக் கம்பி லீவர் சுவிட்சுக்கு வருகிறது. அங்கிருந்து சிவப்புக் கோடு போட்ட பச்சை இடப்பக்க விளக்குகளுக்கும், வெள்ளைக் கோடு போட்ட பச்சை வலப்பக்க விளக்குகளுக்கும் பிரிகின்றன. லூகாஸின் இந்த நிற ஒழுங்கு அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கும் பொது என்பதால், ஒரு வண்டியில் கற்றது அடுத்த வண்டியில் கைகொடுக்கிறது.

ஹசார்ட் விளக்குகளுக்குத் தனி ஃபிளாஷர், தனி ஃபியூஸ். சாவி இல்லாமலும் அவை வேலை செய்ய வேண்டும் என்பதால் பேட்டரியிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கின்றன. ஆனால் முடிவில் அவை ஊட்டுவது அதே நான்கு விளக்குகளைத்தான், அதே பச்சை-சிவப்பு, பச்சை-வெள்ளைக் கம்பிகள் வழியாகத்தான்.

இந்த அமைப்பு தெரிந்தால் கருவி எதையும் எடுக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். இடப்பக்கம் ஒழுங்காக மின்னுகிறது. ஆகவே பேட்டரி, ஃபியூஸ், ஹசார்ட் சுவிட்ச், ஃபிளாஷர் ஆகிய பொதுப் பகுதிகள் உயிரோடு இருக்கின்றன. ஹசார்டைப் போட்டால் வலப்பக்க விளக்குகள் இரண்டும் மின்னுகின்றன. ஆகவே அந்தப் பக்கத்து பல்பு, கம்பி, எர்த் ஆகியவையும் ஏறக்குறைய சரி. மிஞ்சுவது லீவர் சுவிட்சும், அதன் கம்பிகள் செருகப்படும் இணைப்பானும்.

‘ஏறக்குறைய’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஹசார்ட் ஃபிளாஷர் கனரக வகை. எத்தனை பல்பு இருந்தாலும் கவலைப்படாமல் மின்னும். இன்டிகேட்டர் ஃபிளாஷர் அப்படியல்ல. இந்த வண்டியில் இருப்பது வெப்பத்தால் இயங்கும் இரு முனை வகை, 42 வாட்டுக்கு, அதாவது 21 வாட் பல்பு இரண்டுக்கு அளவெடுத்தது. உள்ளே ஒரு மெல்லிய உலோகப் பட்டை இருக்கிறது. விளக்குக்குப் போகும் மின்னோட்டமே அதைச் சூடாக்குகிறது. சூட்டில் நீண்டு சட்டென்று விலகி விளக்கை அணைக்கிறது. ஆறியதும் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. மின்னோட்டம் குறைந்தால் பட்டைக்குப் போதுமான சூடு கிடைக்காது. விளக்கு எரிந்தபடியே நின்றுவிடும். உரிமையாளர் சொன்னது இதைத்தான். ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் தருகிறது, மின்னோட்டம் கூடுகிறது, பட்டை விலகுகிறது. எஞ்சின் ஓய்வில் சுழன்று, ஹெட்லைட்டும் பிரேக் விளக்கும் எரியும்போது வோல்ட் இறங்குகிறது, பட்டை விலகாமல் நின்றுவிடுகிறது. ஆக வலப்பக்கச் சுற்றில் எங்கோ தேவையற்ற ஒரு தடை உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு, எங்கே என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இந்த வெப்ப ஃபிளாஷரைப் பழங்காலத்துப் பொருள் என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. மின்னணு ஃபிளாஷரைப் போட்டிருந்தால், அதன் வகையைப் பொறுத்து, வலப்பக்கமும் மின்னியிருக்கக்கூடும். விளக்கு மங்கலாக, சுவிட்ச் உள்ளே வெந்துகொண்டே, யாருக்கும் தெரியாமல் ஓடியிருக்கும்.

பீப் ஒலியை நம்பாதே

வோல்ட், ஓம் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரில், சுற்று அறுபடாமல் இருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கும் நிலை ஒன்று உண்டு. இரு முனைகளையும் வைத்தால் பீப் என்று கத்தும். கத்தினால் இணைப்பு சரி என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தச் சுவிட்சின் வலப்பக்கத் தொடர்பில் (மின்சாரம் கடக்க ஒன்றையொன்று தொடும் உலோக முகங்கள்) வைத்தபோதும் அது தெளிவாகக் கத்தியது. பெரும்பாலான மீட்டர்கள் சில பத்து ஓம் தடை இருந்தாலும் கத்திவிடும். இன்டிகேட்டர் பல்பு இரண்டும் சேர்ந்து எரியும்போது அவற்றின் மொத்தத் தடையே மூன்றரை ஓமுக்கு உட்பட்டது. அந்தச் சுற்றில் முக்கால் ஓம் கூடுதலாகச் சேர்ந்தாலே கெடுதல். பீப் ஒலிக்கு அது கண்ணிலேயே படாது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தாலும் மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையோடு அது கலந்துவிடும்.

எனவே சுமையோடு அளக்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது சுவிட்சின் உள்வரும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் இடையே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பதே சரியான வழி. மின்னிக்கொண்டிருந்தால் எண் நிற்காது. அதனால் ஃபிளாஷரைக் கழற்றி அதன் இரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டேன். விளக்குகள் நிலையாக எரிந்தன. ஸ்டியரிங் தண்டுக்கு அடியில் உள்ள இணைப்பானின் பின்புறத்திலிருந்து மீட்டர் முனைகளை நுழைத்து அளந்தேன். எஞ்சின் ஓடவில்லை, பேட்டரி 12.4 வோல்ட்.

இடப்பக்கம்: சுவிட்சில் தொலைந்தது 0.15 வோல்ட். ஐம்பது ஆண்டு வயதுக்குக் குறை சொல்ல முடியாத அளவு. வலப்பக்கம்: 2.1 வோல்ட். லீவரை மேலே தூக்கிப் பிடித்தால் 0.6க்கு இறங்கியது, விட்டால் மறுபடி ஏறியது.

இந்த எண் சொல்வது அதிகம். சுமார் 3 ஆம்பியர் ஓடும் இடத்தில் 2.1 வோல்ட் தொலைகிறது என்றால், தடை ஏறத்தாழ 0.7 ஓம், 6 வாட்டுக்கும் அதிகமான சூடு அந்த ஒரு தொடர்புப் புள்ளியில் உண்டாகிறது. மின்னும்போது பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி அதில் பாதி. பித்தளை அதைத் தாங்கும். அதைச் சுற்றியிருக்கும் நைலான் தாங்காது. பின்பக்க வலது பல்பின் முனையில் 9.8 வோல்ட், இடது பல்பில் 11.6. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட் குறைவதைவிட மிக வேகமாகக் குறையும். இந்த வித்தியாசத்துக்கு வலது விளக்கு இடதின் பாதியைச் சற்றே தாண்டிய வெளிச்சம்தான் தரும். வெயிலில் பின்னால் வருகிறவர் கண்ணுக்கு அது எரிகிறதா இல்லையா என்பதே சந்தேகம். மின்னாமல் நின்றதைத்தான் உரிமையாளர் கவனித்தார்; மங்கலாக எரிந்ததை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்க்க வழியில்லை.

கழற்றியது

எம்ஜிபியின் பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் இருக்கிறது. இந்த ஆண்டு வண்டியில் 6 வோல்ட் பேட்டரிகள் இரண்டு, தொடராக இணைக்கப்பட்டவை. எட்டிக் கழற்றுவது எரிச்சலான வேலைதான், ஆனாலும் முதல் வேலை அதுதான். பிறகு தண்டைச் சுற்றியுள்ள உறையின் இரண்டு பாதிகளையும் பிரித்து, இணைப்பானைக் கழற்றி, சுவிட்சைத் தண்டோடு பிடித்திருக்கும் திருகுகளை எடுத்தால் சுவிட்ச் கையில் வந்துவிடும். ஸ்டியரிங் சக்கரத்தைக் கழற்றாமலே முடிந்தது. ஏர்பேக் உள்ள பிற்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இந்தப் பத்தியைப் பின்பற்ற வேண்டாம். அங்கே அந்தந்த வண்டியின் பட்டறைக் கையேட்டில் உள்ள வரிசைப்படி பேட்டரியைக் கழற்றி, சொன்ன நேரம் காத்திருந்து, பிறகே கை வைக்க வேண்டும்.

சுவிட்சைத் திறக்கும் இடத்தில் பலர் தோற்பது மின்சாரத்தால் அல்ல, ஒரு சிறு ஸ்பிரிங்கால். லீவரை நடு, இடம், வலம் என்று மூன்று நிலைகளில் நிறுத்த உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் எஃகுக் குண்டும் அழுத்தத்தில் இருக்கின்றன. மூடியை எடுத்த கணத்தில் இரண்டும் பறந்துவிடும். தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் சுவிட்சையும் கைகளையும் விட்டுத் திறந்தால் அவை பைக்குள்ளேயே விழும். ஒவ்வொரு அடுக்கையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே போனேன்; எந்தத் தகடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது நினைவில் நிற்கும் என்று நம்பக் கூடாது.

உள்ளே இருந்த கிரீஸ் கறுத்து, கெட்டியாகி, பிசின் பதத்துக்கு வந்திருந்தது. இடப்பக்கத் தொடர்பு மங்கியிருந்தாலும் முழுமையாக இருந்தது. வலப்பக்கத் தொடர்பின் முகத்தில் குழிகள். சுற்றிலும் கறுப்பு வளையம். அதைத் தாங்கும் நைலான் தாங்கி அந்த மூலையில் மட்டும் இளகி, அரை மில்லிமீட்டர் போலச் சாய்ந்திருந்தது. சாய்ந்ததால் இரண்டு முகங்களும் முழுதாகப் படியாமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. லீவரைத் தூக்கினால் ஏன் சரியாகிறது என்பதற்கு இங்கே விடை கிடைத்தது: தூக்கும்போது தாங்கி சற்றே எதிர்ப்பக்கம் சாய்ந்து முகங்கள் நேராகின்றன. சூடு தாங்கியை இளக்கியது, இளகல் அழுத்தத்தைக் குறைத்தது, அழுத்தம் குறைந்ததால் தடை கூடி இன்னும் சூடானது. இப்படிப்பட்ட கோளாறு தானாக ஒருபோதும் குணமாகாது.

ஏன் வலப்பக்கம் மட்டும்?

சுவிட்ச் வயதால் தேய்ந்தது என்று எழுதி ஆய்வை முடித்துவிடலாம். ஆனால் இரண்டு பக்கத் தொடர்புகளுக்கும் வயது ஒன்றே. ஒன்று மட்டும் வெந்திருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே வாட் பல்புகள். வலப்பக்கத் தொடர்பு எப்போதோ தன் அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைச் சுமந்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வண்டியோடு சேர்த்து அதன் ரசீதுகளையும் கோப்பாக அடுக்கி, விற்கும்போது அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இந்த வண்டியின் கோப்பைப் புரட்டியபோது முந்தைய உரிமையாளர் காலத்துப் பட்டறை ரசீது ஒன்று கிடைத்தது. அதில் இரண்டே வேலைகள்: புதிய ஃபிளாஷர்; முன்பக்க வலது விளக்கின் கம்பி சரிசெய்தல். முன் வலது மட்கார்டுக்குப் பின்னால் விளக்கைக் காட்டிப் பார்த்தால், பச்சை-வெள்ளைக் கம்பியில் ஓரிடத்தில் டேப் சுற்றியிருந்தது. பக்கத்தில் தகட்டின் விளிம்பு பளபளவென்று தேய்ந்திருந்தது.

என் முடிவு அனுமானம்தான், ஆனால் எல்லாத் துண்டுகளும் பொருந்துகின்றன. தகட்டின் விளிம்பு உரசி உரசிக் கம்பியின் தோல் கிழிந்திருக்கிறது. வலப்பக்க இன்டிகேட்டர் போடும்போதெல்லாம், வண்டி குலுங்கும் நேரத்தில், கம்பி உடலைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது. அப்போது ஃபியூஸ் ஏன் போகவில்லை என்ற கேள்வி எழும். எம்ஜிபியின் ஃபியூஸ் பெட்டியில் இருப்பவை 35 ஆம்பியர் என்று பொறித்த கண்ணாடி ஃபியூஸ்கள். லூகாஸ் கணக்கில் 35 என்பது உருகிப்போகும் அளவு. 17 ஆம்பியரைத் தொடர்ந்து சுமக்கும். விளக்குகளுக்குப் போகும் மெல்லிய கம்பியோ, 0.30 மில்லிமீட்டர் இழை 14 கொண்டது, 8.75 ஆம்பியருக்கானது. விட்டுவிட்டுத் தொடும் ஒரு பாதி ஷார்ட்டில் 15 ஆம்பியர் ஓடினாலும் ஃபியூஸ் சும்மா இருக்கும். 3.5 ஆம்பியருக்குப் பழகிய ஃபிளாஷர் செத்துவிடும். சுவிட்சின் தொடர்பு வெந்துபோகும். பட்டறைக்காரர் செத்த ஃபிளாஷரைக் கண்டுபிடித்தார், கிழிந்த கம்பிக்கு டேப் சுற்றினார், இரண்டுக்கும் நடுவில் இருந்த சுவிட்சைத் திறந்து பார்க்கவில்லை. அன்று விளக்கு மின்னியிருக்கும். பணம் வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். அவரைப் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை, ஆனால் சுவிட்சின் இரு முனைகளுக்கு நடுவே ஒரு முறை வோல்ட் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சரிசெய்த விதம்

பழைய கிரீஸ் முழுவதையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் எடுத்தேன். தொடர்புகளைத் தேய்க்கக் கடினமான உப்புத்தாள் பயன்படுத்தக் கூடாது. அது முகத்தில் கீறல்களை விட்டுவைத்து, அவற்றில் அடுத்த கறுப்பு சீக்கிரம் பிடிக்கும். கண்ணாடி நார் பென்சில் ஒன்று போதும். குழிகளை அடியோடு அழிக்க முயலவில்லை. மேடுகளை மட்டும் இறக்கி, முகத்தில் பெரும்பகுதி உலோக நிறத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். தேய்க்கத் தேய்க்க உலோகம் போகிறது, திரும்ப வராது.

நைலான் தாங்கிதான் கடினம். இளகிச் சாய்ந்த மூலையைச் சூடாக்கி நிமிர்த்தலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரு முறை இளகிய நைலான் மறுமுறை எளிதாக இளகும் என்பதால் எனக்கு அந்த வழியில் நம்பிக்கை இல்லை. பட்டறையில் உடைந்த லீவருடன் ஒதுக்கி வைத்திருந்த அதே வகைப் பழைய சுவிட்ச் ஒன்று இருந்தது. அதன் தாங்கி நன்றாக இருந்தது. அதை எடுத்து இதில் பொருத்தினேன். தொடர்புத் தகட்டின் வளைவையும் சிறிது கூட்டி அழுத்தத்தை மீட்டேன். அதிகம் வளைத்தால் லீவர் கனத்துவிடும், விரைவில் தேயவும் தொடங்கும். இடப்பக்கத்து அழுத்தத்தை விரலால் உணர்ந்து அதற்கு ஒப்பாக வைத்தேன்.

லீவர் தானாகத் திரும்பாததற்குத் தனிக் காரணம் இருந்தது. ஸ்டியரிங் தண்டில் ஒரு சிறு மேடு சுழல்கிறது. சுவிட்சுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நைலான் நாக்குகள். லீவரை வலப்பக்கம் தள்ளியதும் அந்தப் பக்க நாக்கு தண்டின் பாதையில் நீள்கிறது. சக்கரத்தை வலம் திருப்பும்போது மேடு நாக்கை மடக்கிக்கொண்டு நழுவிப் போகிறது. சக்கரம் திரும்பி நேராகும்போது அதே மேடு எதிர்த்திசையில் வந்து நாக்கை முட்டுகிறது. இப்போது நாக்கு மடங்காது, லீவரையே தட்டி நடுநிலைக்கு அனுப்பிவிடும். வலப்பக்க நாக்கின் நுனி உருண்டு தேய்ந்திருந்ததால் மேடு அதன்மேல் வழுக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஒதுக்கிய சுவிட்சிலிருந்தே நாக்கையும் எடுத்துக்கொண்டேன். தண்டில் உள்ள மேடு தன் இடத்தில் உறுதியாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். அது சுற்றிப்போயிருந்தால் புது நாக்கு போட்டாலும் பயனில்லை, ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமாகவும் விடுபடும்.

மூடும்போது தொடர்புகளுக்கு மெல்லிய பூச்சாகத் தொடர்பு கிரீஸ், குண்டுக்கும் நைலான் வழுக்கும் இடங்களுக்கும் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸ். கையில் கிடைக்கும் துருநீக்கி ஸ்பிரேயைச் சுவிட்சுக்குள் அடிக்கும் வழக்கத்தை எங்கு பார்த்தாலும் தடுத்துவிடுவேன். அது பழைய கிரீஸைக் கரைத்துத் தொடர்புகளின் மேலேயே பரப்பும். இரண்டு வாரம் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு அந்த எண்ணெய்ப் பசையில் தூசி சேரும்.

புதிய மறுதயாரிப்பு சுவிட்சைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லீவர் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று உட்காரும் உணர்வு பழையதில் தெளிவு, புதியதில் மொண்ணை. கம்பிகளும் சற்று மெலிவு. எல்லா மறுதயாரிப்புகளும் இப்படி என்று சொல்ல மாட்டேன்; தாங்கி நொறுங்கிப்போய், உறுப்பு எடுக்கப் பழைய சுவிட்சும் இல்லாத நிலையில் வேறு வழி கிடையாது. ஆனால் திறந்து சுத்தம் செய்யக்கூடிய அசல் ஒன்று கையில் இருக்கும்போது அதைக் குப்பையில் போடுவது எனக்குப் புரியாத சிக்கனம். உரிமையாளர் புதியதை உதிரியாக வைத்துக்கொண்டார்.

மறுபடி வராமல் இருக்க

முன் வலது விளக்கின் டேப் சுற்றிய துண்டை வெட்டி எறிந்து, அதே நிறத்தில் புதிய கம்பித் துண்டைப் பற்றவைத்து, மேலே வெப்பச் சுருக்குக் குழாய் போட்டேன். தகட்டின் விளிம்பில் ரப்பர் பட்டை. கம்பி இனி அங்கே உரசாதபடி கிளிப் ஒன்று.

அடுத்தது ஃபியூஸ். 35 ஆம்பியர் ஃபியூஸை அப்படியே சிறியதாக்க முடியாது; அது பச்சைச் சுற்று முழுவதற்கும் பொது. இன்டிகேட்டர் ஃபிளாஷருக்குப் போகும் கம்பியில் மட்டும் தனியாக 10 ஆம்பியர் தகட்டு ஃபியூஸ் ஒன்றை இடையில் சேர்த்தேன். இரண்டு பல்புக்கு 3.5 ஆம்பியர்தான் தேவை என்றாலும், ஆறிய இழை ஒவ்வொரு முறை எரியத் தொடங்கும்போதும் கண நேரத்துக்குப் பல மடங்கு இழுக்கும் என்பதால் 5 ஆம்பியர் போட்டால் காரணமில்லாமல் போகும். இனி எங்காவது ஷார்ட் ஆனால் சுவிட்சுக்கு முன் ஃபியூஸ் போகும். பிரேக் விளக்கும் அளவுமானிகளும் பிழைத்திருக்கும். ஹசார்டுக்குத் தனி ஃபியூஸ் ஏற்கெனவே இருப்பதால் அதற்கும் பாதிப்பில்லை. அசல்தன்மையைப் போற்றும் கண்காட்சி நடுவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஃபியூஸ் தாங்கியைக் கம்பிக்கட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்திருக்கிறேன், தேடினால்தான் கிடைக்கும்.

எல்இடி பல்பு போட்டால் மின்னோட்டமே குறைந்து சுவிட்ச் வாழுமே என்று உரிமையாளர் கேட்டார். வாழும். ஆனால் வெப்ப ஃபிளாஷர் அந்தச் சிறு மின்னோட்டத்துக்கு அசையவே செய்யாது. அதையும் மின்னணு வகைக்கு மாற்ற வேண்டும். இழை பல்புக்காக வடிவமைத்த பழைய கண்ணாடிக்குப் பின்னால் எல்லா எல்இடியும் ஒரே சீராக ஒளி பரப்புவதும் இல்லை. இரண்டு பல்புகளுக்கு அந்த மாற்றம் தேவையில்லை என்றேன். இதே லீவர் சுமக்கும் பெரிய சுமை வேறு: ஹெட்லைட்டின் டிப்-பிரைட் (தாழ்ஒளி, உயர்ஒளி) மாற்றமும் இதற்குள்தான் நடக்கிறது. பிரைட்டில் 60 வாட் பல்பு இரண்டு எரிந்தால் 10 ஆம்பியர் நேரே இந்தத் தொடர்புகள் வழியாகப் போகிறது. ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து அந்தச் சுமையை இறக்குவதுதான் லீவருக்குச் செய்யும் பெரிய உதவி.

இப்போது வரும் ஸ்போர்ட்ஸ் கார்களில் கதை நேர் எதிர். அங்கே லீவர் விளக்குக்கு மின்சாரம் அனுப்புவதில்லை. கணினிக்குச் செய்தி மட்டும் சொல்கிறது. தொடர்பின் வழியாகப் போவது மில்லியாம்பியர் அளவு. அதனால் தொடர்பு வேகாது. ஆனால் முகத்தில் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தை எரித்து உடைக்கும் அளவுக்கு அந்த மின்னோட்டத்துக்கு வலு இல்லை என்பதால் வேறு விதமாகத் தகராறு செய்யும்: விளக்கு மங்காது, ஒன்று முழுதாக வேலை செய்யும் அல்லது லீவரைத் தள்ளியும் ஒன்றுமே நடக்காது. அந்த வண்டியில் வோல்ட் இழப்பைத் தேடுவதைவிடக் கணினி சுவிட்சின் நிலையை என்னவென்று படிக்கிறது என்பதைக் கண்டறிகருவியில் பார்ப்பதே குறுக்குவழி.

பூட்டிய பின் அளவுகள்

அதே முறையில், அதே இடத்தில், ஃபிளாஷருக்குப் பதில் இணைப்புக் கம்பி வைத்து அளந்தேன். வலப்பக்கம் சுவிட்சில் தொலைவது 0.09 வோல்ட், சுத்தம் செய்ததால் இடப்பக்கமும் 0.08க்கு வந்துவிட்டது. லீவரைத் தூக்கினாலும் அழுத்தினாலும் எண் அசையவில்லை. வலது பின் பல்பில் மட்டும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாக இருந்தது. தேடியதில் அந்த விளக்கின் எர்த் பக்கத்தில் 0.3 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது. முனையைச் சுரண்டி இறுக்கியதும் அது தீர்ந்தது. இந்த எர்த் முன்பே சற்று மோசம்தான், ஆனால் சுவிட்சின் 2 வோல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

ஃபிளாஷரைத் திரும்ப வைத்து, எஞ்சின் ஓய்வில் சுழல, ஹெட்லைட், ஹீட்டர் விசிறி, பிரேக் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். வலமும் இடமும் நிமிடத்துக்கு எண்பதை ஒட்டி மின்னின. பிரிட்டனின் விளக்குச் சட்டம் கேட்பது நிமிடத்துக்கு 60 முதல் 120. நாற்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. சோதனைக்குத்தான் விலக்கு, இன்டிகேட்டர் ஒழுங்காக எரிய வேண்டும் என்ற கடமைக்கு விலக்கு இல்லை. இந்த வண்டியின் மங்கிய வலது விளக்கு அந்த இடைவெளியில்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படாமல் தப்பியது. ஆண்டுக்கொரு முறை தாமாகவே சோதனைக்குக் கொண்டுபோகும் உரிமையாளர்கள் பலர் இருக்கிறார்கள். இவரையும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

செலவில் பெரும்பகுதி நேரத்துக்கானது. பொருள் என்று பார்த்தால் ஒரு ஃபியூஸ் தாங்கி, கொஞ்சம் கம்பி, சுருக்குக் குழாய், கிரீஸ். தாங்கியும் நாக்கும் ஒதுக்கிய சுவிட்சிலிருந்து வந்தவை. ஹெட்லைட்டுக்கான ரிலே வேலையைக் குளிர்காலத்தில், வண்டி ஓடாத மாதங்களில், செய்துகொள்ள உரிமையாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அப்போது முன்பக்கக் கம்பிக்கட்டு முழுவதையும் பிரித்து, இடது மட்கார்டிலும் இதே போன்ற உரசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்.